சரிவில் இடது லிவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. அப்படிப்பட்டவன் கத்திவிட்டு அடுத்த வேளைச் சோற்றுக்குள் மறந்துவிடுவான். நான் கத்துவதில்லை, உள்ளே வைத்திருப்பேன். அந்த வருடம் நான் உள்ளே வைத்திருந்தது ஒரு மனிதனின் காலை எடுத்துக்கொண்டது.

திருப்பூரில் ஒரு பருத்தி ஜின்னிங் பேக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். அதற்கு முன்பு ஒரு அணைக்கட்டு வேலையில் மண் தள்ளும் வண்டிகளோடு இரண்டு வருடம் கிடந்தவன். அதைக் கேள்விப்பட்டுத்தான் பல்லடத்துக்குத் தெற்கே இருந்த ஒரு தோட்டத்துக்காரர் என்னைத் தேடி வந்தார். கழித்துப்போட்ட பழைய சங்கிலி டிராக்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்துக் களத்தில் போட்டிருந்தார். சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைச் சங்கிலி ஓடும் வண்டி. அதை ஓடவைத்துக் கொடுத்தால் கால்வாய்த் தண்ணீர் வருவதற்குள் மேட்டாங்காட்டைச் சமப்படுத்திவிடலாம் என்று இருந்தார்.

ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவருடைய தம்பி சின்னவர். பாகம் பிரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, நடு வரப்பு யாருடையது என்பது மட்டும் முடியவில்லை. நான் போன முதல் வாரமே பெரியவர் மண்வெட்டிக் காம்பால் தம்பியின் தோளில் போட்டார். சின்னவர் கல்லை எடுத்து அண்ணனின் நெற்றியைப் பிளந்தார். பக்கத்துக் காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

வண்டியும் லேசில் மசியவில்லை. சங்கிலிப் பட்டைகளைக் கோக்கிற ஊசிகள் துருவில் செத்துக் கிடந்தன. ப்ளோலாம்ப் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, இரண்டு ஆட்கள் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒரு சில்லு தெறித்து என் முன்கையில் ஏறியது. இப்போதும் தடவினால் தட்டுப்படும். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி எட்டு நாள் ஊறவைத்து, கடப்பாரை போட்டு நெம்பி நெம்பி விரல்கடை அளவுக்கு நகர்த்தினேன். ஏர்கிளீனரைத் திறந்தபோது கூடு கட்டியிருந்த குளவிகள் என் முகத்தை வீங்கவைத்தன. இடமும் வலமும் திருப்புகிற கிளட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றையும் தேய்த்து எடுக்கவே பத்து நாள் ஆனது. அந்தத் தகடுகளைப் பற்றி அந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்று கர்வம்கூட இருந்தது.

எங்கள் பக்கத்தில் சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். பெரியவர் எனக்கு ஒருநாளும் அதைத் தந்ததில்லை. "டேய் பிட்டரு" என்றால் நான்.

வண்டியை எடுக்க நல்ல நாள் பார்த்து, சம்பந்தி வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு, சேவல் அறுத்து, எலுமிச்சம்பழம் வைத்தார். கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினேன். வண்டி இருமியது, நின்றது. மறுபடி சுழற்றினேன். டீசல் குழாயில் எங்கோ காற்று நின்றிருக்கிறது, கொஞ்ச நேரம் கொடுத்தால் எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னவர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். தம்பிக்கென்று நினைத்தேன். என் கன்னத்தில் விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன்.

மறுநாள் காலையில் குழாயில் இருந்த காற்றை எடுத்ததும் ஒரே சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. பெரியவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இதில் ஸ்டீரிங் கிடையாதுங்க, இரண்டு லிவர்தான், இடதை இழுத்தால் இடது, வலதை இழுத்தால் வலது என்றேன். சமதரையில் பத்துச் சுற்று வந்தார். நன்றாகவே ஓட்டினார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சமதரையில் எஞ்சின் வண்டியை இழுக்கிறது. சரிவில் இறங்கும்போது அதே எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே இடது லிவரை இழுத்தால் இடப்பக்கச் சங்கிலி பிடிவிட்டு முன்னால் ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். காலால் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால்தான் சொன்னபடி கேட்கும். முதல் தடவை லிவரைத் தொடுகிறவனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அவர் மேட்டாங்காட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பியபோது என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது, வேலியில் இடித்து அவமானப்படட்டும் என்று பேசாமல் நின்றேன். நினைத்தது அவ்வளவுதான்.

சரிவில் வண்டி இறங்கியது. வலப்பக்கம் நடு வரப்பு. அதன்மேல் சின்னவர் கையில் அரிவாளோடு நின்று, வண்டி இந்த வரப்பைத் தொட்டால் வெட்டுவேன் என்று கத்திக்கொண்டிருந்தார். பெரியவர் அவரை விட்டு விலகத்தான் இடது லிவரை இழுத்தார். வண்டி வலப்பக்கம் முகத்தைத் திருப்பியது. பதறி இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் வேகமாகத் திரும்பியது. நான் கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். சின்னவர் தாவினார். ஒரு கால் தப்பியது. மற்றது முழங்காலுக்குக் கீழே சங்கிலிக்கு அடியில் போனது. எலும்பு முறியும் சத்தத்தை அந்த இரைச்சலிலும் கேட்டேன், அது மட்டும் எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அங்கே விபத்து என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் ஒருவரும் அப்படி நம்பவில்லை. வரப்புக்காகத் தம்பி மேல் அண்ணன் வண்டியை ஏற்றினான் என்றார்கள். சின்னவரின் மச்சான்மார் மூன்று பேர் பெரியவரைக் களத்திலிருந்து இழுத்து, வண்டியின் சங்கிலியிலேயே தலையை மோதினார்கள். காலுக்குக் கால் எடுக்காமல் விடுவதில்லை, தம்பி ஊர் திரும்புகிற அன்றைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் அவர் அந்த நாளுக்காகக் காத்திருந்தார். நானும் பேசாமல் காத்திருந்தேன். எதை மன்னித்தாலும் அந்த ஒரு மாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சின்னவரைக் கட்டிலோடு கொண்டுவந்து களத்தில் இறக்கினார்கள். ஊர் கூடியிருந்தது. மச்சான்மாரில் மூத்தவன் மடியில் கொடுவாள் இருந்தது, யாரும் அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

"நா எடப்பக்கந்தான் இழுத்தேன்" என்றார் பெரியவர். ஒரு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடப்பக்கம் இழுத்தா வண்டி சோத்தாங்கைப் பக்கம் எப்படிப் போகுமுங்க?" என்றான் மூத்தவன். சிலர் சிரித்தார்கள். அவன் எழுந்தான்.

பெரியவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். "டேய் பிட்டரு, நீ பாத்துட்டுத்தான நின்ன? நா எடதுதான இழுத்தேன்? சொல்றா." அப்போது அவர் அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எடதுதானுங்க இழுத்தாரு" என்றேன். "வண்டியில ஏறிக் காட்டறனுங்க."

சின்னவர் நின்ற இடத்தில் ஒரு சோளத்தட்டுக் கட்டை நிறுத்தச் சொன்னேன். வண்டியை எடுத்து அதே சரிவில் இறக்கி, எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்திக் காட்டிவிட்டு இடது லிவரை இழுத்தேன். வண்டி வலப்பக்கம் திரும்பி, தட்டுக் கட்டை மிதித்து அரைத்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டு இறங்கினேன். மூத்தவன் கொடுவாளைத் தரையில் போட்டான்.

பெரியவர் நசுங்கிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு முன்னயே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன்டா சொல்லுல?"

"முந்தின நாள் செருப்பால அடிச்சீங்க."

கட்டிலில் கிடந்த சின்னவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கிடந்தது. அவர் குரல் உயரவில்லை.

"ஏனுங்க பிட்டரே, செருப்புல அடிச்சது எங்கண்ணனுங்க. என்ற காலு உங்கள என்னங்க பண்ணுச்சு?"

யாராவது அடிப்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை.