எல்லைச் சண்டையும் கங்காணியின் தாடியும்

சலூன்காரன் பொழப்பு லேசில்லை. வந்தவர் வாய் மூடாது, நாம் வாய் திறக்கக் கூடாது. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் என் நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை கேட்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

நுரைக்கு நடுவே யுத்தம்

அறுபத்திரண்டில் இந்தியாவும் சீனாவும் இமயமலை எல்லைக்காக மோதிக்கொண்ட நேரம். என் கடை பெஞ்சில் வாத்தியார் இந்தியா கட்சி, தொழிற்சங்கத்துச் செல்லையா சீனா கட்சி. இருவரும் போட்ட சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர் சட்டென்று தலையைத் திருப்ப, கன்னத்தில் கீறல். படிகாரத்தை எடுப்பதற்குள் நுரையும் முகமுமாக எழுந்து நின்றார்: "ஏன்யா, சண்டை அங்க நடக்குது, ரத்தம் நான் குடுக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ராமையா என் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை. அவர் தம்பி திருச்சிக்குப் போய் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தவன். எல்லைச் சண்டையில் அவனைக் காணவில்லை என்று சேதி வந்தது. அவன் உயிரோடு இருப்பது தெரியும்வரை முகத்தில் கத்தி படாது என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார் மனுஷன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து, வாத்தியாரைப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஆறு நாட்டுப் பெரியவர்கள் கொழும்பில் கூடிச் சமாதானம் பேசுகிறார்கள் என்று வாசித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு. செல்லையா விடுவானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் தங்கள் குடிமக்களாக ஏற்காத அந்தக் காலத்தில் அவன் சொன்னதிலும் தப்பில்லை: "நம்மள எந்த நாட்டு ஆளுன்னே இன்னும் தீர்க்கல. இமயமலையத் தீர்க்கப் போறாங்களாக்கும்!"

பாதி சம்மதம்

எங்கள் இலங்கைப் பிரதமர் அம்மா அந்தச் சமாதானத் திட்டத்தோடு பீகிங்குக்கும் டெல்லிக்கும் போனார். இந்தியா ஒத்துக்கொண்டதாம், சீனா 'கொள்கையளவில்' ஒத்துக்கொண்டதாம்.

"அப்படின்னா என்னங்க?" என்றார் கங்காணி.

"பாதி சம்மதம்னு வைங்களேன்," என்றார் வாத்தியார்.

கங்காணி தாடியைத் தடவியபடி என்னிடம் திரும்பினார். பாவம், கேலியாகக் கேட்கவில்லை: "அப்ப, பாதியை எடுத்துடலாமா தம்பி?"

கேட்க முடியாத கேள்வி

அப்புறம் ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, கங்காணி வந்து நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "எடுங்க," என்றார். நேர்த்திக்கடன் நிறைவேறினாலும் தாடி போகும், சாவு விழுந்தாலும் தாடி போகும். எந்த வாயால் கேட்பேன்?

தாடியை வழித்து முடித்தேன். துக்கமென்றால் மீசையும் போக வேண்டும். தொண்டையைச் செருமி, "மீசை, அண்ணே...?" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டிற்று: "நல்லா ஒதுக்கி விடுங்க தம்பி! சீனாக்காரன் பிடிச்சு வச்சிருந்தவன விட்டுட்டான். பய வந்துட்டான்!"

எல்லைக் கோடு இன்னும் நேராகவில்லை என்கிறார்கள்; அன்று நானும் அழுதுகொண்டே ஒதுக்கியதில் கங்காணியின் மீசையும் கோணலாகத்தான் போயிற்று.