பெயர் கூப்பிடாத ஆண்டு விழா

ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் ஆலயத்தின் பிரதிஷ்டை ஆண்டு விழாவில், நான் சேலையைத் தூக்கிப் போதகர் ஜெயசீலி அம்மாவின் முகத்தில் வீசினேன் என்று சபையில் சிலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். விழுப்புரத்தில் அவருடைய அடக்க ஆராதனை நடந்த அன்றுகூட என் காதுபடச் சொன்னார்கள். நான் வீசவில்லை. நான்காக மடித்து, முன்வரிசைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, நடுவழியாக நடந்து வெளியே போனேன். கன்னியாஸ்திரீகளின் கான்வென்டில் பதினோரு வருடம் படித்தவள் நான். எதையும் வீசிப் பழக்கமில்லை. ஆனால் வீசியிருந்தால்கூட இவ்வளவு பெரிய தவறாக இருந்திருக்காது என்று பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. தெரியவைத்தவர் போதகரம்மாதான். இப்போது அவர் பெயராலேயே அந்தச் சேலை வழங்கலை, பெயர் கூப்பிட்டு, மறுபடி நடத்தப்போவதாகச் சபையில் அறிவித்திருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் போய்விட்ட செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. திண்டிவனம் வீட்டில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நம் சபைச் செயலர் தேவநேசன் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆன்ட்டி, உக்காந்துக்கினு இருக்கீங்களா, நின்னுக்கினு இருக்கீங்களா?"

நின்றுகொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்றேன்.

"நம்ம பழைய போதகரம்மா விழுப்புரத்துல தவறிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிபோச்சி."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எனக்கு எழுபத்தொன்பது. என் அடக்க ஆராதனையை எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். போதகர் எஸ்தர் ஜெயசீலி கண்டமங்கலம் பக்கத்துப் பெண். நம் சபைக்கு வந்த முதல் பெண் போதகர். ஆறு ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு விழுப்புரம் சபைக்கு மாற்றலாகிப் போனார். அவரிடம் குறைகளும் இருந்தன. எந்த ஆராதனையையும் நேரத்துக்குத் தொடங்கியதில்லை. பாட்டை எப்போதும் சுருதிக்கு மேலேயே எடுப்பார். மூன்றாவது சரணத்துக்குள் சபையே மூச்சுத் திணறும். என் கணவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருடைய கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பிரசங்கத்துக்கு நேரம் பார்ப்பேன். ஒரு ஞாயிறு வாசலில் கைகுலுக்கும்போது, "முப்பத்தோரு நிமிஷம்" என்றேன்.

"நான் என்ன பாசஞ்சர் வண்டியாம்மா, லேட்டுன்னு நோட்டுல எழுத?" என்றார்.

அடுத்த ஞாயிறு இருபத்தாறு நிமிடம். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி முப்பது. என்னால் அவரைத் திருத்த முடிந்தது அவ்வளவுதான்.

இனிச் சேலை விஷயம். பிரதிஷ்டை விழா ஆராதனை முடிந்து, பந்திக்கு முன்னால், விதவைகளுக்குச் சேலை வழங்குவது நம் சபையின் பழைய வழக்கம். ஒவ்வொரு பெயராகப் பட்டியலிலிருந்து வாசிப்பார்கள். அந்தப் பெண் எழுந்து, சபை பார்க்க, பீடத்தின் படிவரை நடந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். புகைப்படக்காரர் ஒருவர் நிற்பார். எல்லாருக்கும் ஒரே சேலை. சாம்பல் நிறம், நீலக் கரை. பிறகு வரும் ஞாயிறுகளில் பின்வரிசையிலிருந்து பார்த்தாலே போதும், இந்தச் சபையில் யார் யார் புருஷனை இழந்தவர்கள் என்று முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் குடிவந்ததிலிருந்து, எட்டு வருடம், அந்தப் படியில் நின்று சேலையை எடுத்துக் கொடுத்தது என் கணவரும் நானும்தான். மடிப்புக் கலையாமல் கொடுக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். வாங்கியவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

என் கணவர் இறந்து எட்டு மாதம் கழித்து அந்த ஆண்டின் விழா வந்தது. போதகரம்மா நம் சபைக்கு வந்த பிறகு நடந்த முதல் விழா. கமிட்டியார் கையில் கொடுத்த பட்டியலை அவர் அப்படியே வாசித்தார். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது.

எழுந்து நடந்தேன். உட்கார்ந்திருந்தால் இரண்டாவது முறை கூப்பிட்டிருப்பார்கள், அதனால் நடந்தேன். சேலையை வாங்கினேன். அது சற்றுக் கோணலாக மடிக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்து, சரியாக மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியேறினேன். மற்றதெல்லாம் சபையார் சேர்த்துக்கொண்டது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை போதகரம்மா வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை, ஆனால் பேசவுமில்லை. அவரே தொடங்கினார்.

"மன்னிச்சிடுங்கம்மா. லிஸ்ட்ட முன்னாடியே படிச்சிப் பாக்காம மேல போய் நின்னது என் தப்பு."

சரி என்றேன்.

"இன்னொண்ணு சொல்லணும். கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கோவிச்சிக்குவேன். சொல்லுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க மடிச்சி வச்சிட்டுப் போனப்புறம், லிஸ்ட்டுல இன்னும் அஞ்சு பேரு பாக்கி இருந்தாங்க. அவங்க எப்பிடி நடந்து வந்தாங்கன்னு நீங்க பாக்கல. நான் பாத்தேன். உங்களுக்கு வேணாம்னு வச்சிட்டுப் போக முடிஞ்சிது. அவங்களுக்கு முடியலம்மா."

எனக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. எட்டு வருடம் அந்தப் படியில் நின்றவள் நான்.

அதற்குமேல் அவர் என்னைக் கண்டிக்கவில்லை. "அடுத்த வருஷம் இத எப்பிடிச் செய்யலாம்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். முதலில் பட்டியலைக் கிழியுங்கள், அடுத்து எல்லாருக்கும் ஒரே சேலை எடுப்பதை நிறுத்துங்கள் என்றேன். "சரி, அப்ப யாருக்கு என்ன வேணும்னு எப்பிடித் தெரிஞ்சிக்கிறது?" என்றார். போய்க் கேட்க வேண்டியதுதான் என்றேன். "எப்ப கிளம்பலாம்?" என்றார். நான் அகப்பட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் கூட்டேரிப்பட்டுக்குப் போனோம். அந்த ஐந்து பேரில் ஒருவரான சலோமியின் வீடு அங்கே. கூலி வேலை செய்பவர், அப்போது அறுபது வயதிருக்கும். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். போதகரம்மா தரையிலேயே உட்கார்ந்தார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது.

"எத்தினி பேரு வந்துக்கீறீங்க? போட்டோக்காரரு பின்னால வர்றாரா?" என்று கேட்டார் சலோமி.

"போட்டோ இல்லக்கா. வர்ற வருஷம் சேலை என்ன கலர்ல வேணும்னு கேக்க வந்தோம்" என்றார் போதகரம்மா.

சலோமி எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நெசமாவா? அப்ப மாம்பழக் கலரு. எங்க வூட்டுக்காரரு உயிரோட இருக்கச் சொல்லவே கேட்டேன். கேப்பைக் களி கிண்டறவளுக்கு எதுக்கு மாம்பழக் கலருன்னு கேட்டுட்டுப் பூட்டாரு, மேலயே பூட்டாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஸ்டேஷன் மாஸ்டரம்மாதான? சேலைய வச்சிட்டுப் போனவங்க?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ஒங்களுக்கு வேணாம்னா வேணாம்மா. அது ஒங்க இஷ்டம். ஆனா பின்னாடி வந்த எங்களுக்கு, வாங்குறவ எல்லாம் மானங்கெட்டவன்னு சொல்லிட்டுப் போன மாரி இருந்துச்சி."

நாற்காலியை விட்டு இறங்கி முறத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். பேருந்து வரும்வரை அவரோடு மல்லாட்டை உரித்தேன். நகம் வலித்தது. திரும்பும் வழியில் போதகரம்மா, "மன்னிப்புக் கேட்டீங்களாம்மா?" என்றார்.

"மல்லாட்டை உரிச்சேன்."

"பாதிதான் ஆச்சி" என்றார். மீதியை அடுத்த மாதம் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

கமிட்டியில் இது சுலபமாக நடக்கவில்லை. "யாருக்கும் தெரியாமக் குடுத்தா குடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "குடுத்தவங்களுக்குத் தெரியும், வாங்கினவங்களுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்கு எதுக்குங்க?" என்றார் போதகரம்மா. அடுத்த பிரதிஷ்டை விழாப் பிரசங்கத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் பலருக்கு நினைவிருக்கும். "ஆலயத்துக்கு வயசாச்சின்னு வெள்ளையடிச்சிக் கொண்டாடுறோம். உள்ள இருக்கிற அம்மாக்களுக்கு வயசாச்சின்னா மட்டும் சாம்பல் கலரு குடுக்கிறோம்." அன்று பிரசங்கம் முப்பத்து நான்கு நிமிடம். நான் வாசலில் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விழாவில் பெயர் கூப்பிடவில்லை. சேலைகள் இரண்டு வாரம் முன்னதாகவே, இரண்டிரண்டு பேராகப் போய், வீட்டில் கொடுக்கப்பட்டிருந்தன. காணை கிராமத்துக்குத் திருமணம் செய்துகொடுத்த மகள் வீட்டில் இருந்த ஒரு மூதாட்டிக்கு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆராதனைக்கு மாம்பழ நிறம் வந்தது, பச்சை வந்தது, ஒருவர் பெரிய பூப்போட்டதைக் கட்டிக்கொண்டு பாடகர் குழுவுக்கு அருகிலேயே உட்கார்ந்தார். பந்தியில் போதகரம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "யாரு யாருன்னு என்னாலயே கண்டுபுடிக்க முடியலம்மா." அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை. பிரியாணி ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றேன். என் வழக்கம் அப்படி.

விழுப்புரம் அடக்க ஆராதனைக்குப் போனபோது கூட்டத்தில் யாரோ, "சேலைய வீசினவங்க இவங்கதான்" என்று சொன்னதை முதலிலேயே எழுதினேன். போதகரம்மாவின் கணவர் அதைக் கேட்டுவிட்டார். அதிகம் பேசாத மனிதர். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க கூடப் போய் உக்காந்துதான் வீடு வீடாக் கேக்கக் கத்துக்கினேன்னு அவ சொல்லுவா" என்றார். அது உண்மையில்லை. கற்றுக்கொண்டவள் நான். அந்த இடத்தில் அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே திருத்துகிறேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் தேவநேசன் அறிவிப்பை வாசித்தார். வரும் பிரதிஷ்டை விழாவில், மறைந்த போதகரம்மாவின் நினைவாக, சபையின் விதவைகள் பெயர் சொல்லி முன்னால் அழைக்கப்பட்டுச் சேலை வழங்கப்படும். சேலை வைத்துக் கொடுக்கும் பையில் போதகரம்மாவின் படம் அச்சிடப்படும். வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன்.

"அவங்க நிறுத்தினத அவங்க பேராலயே ஆரம்பிக்கிறீங்களா?"

"ஆன்ட்டி, நிறுத்தலையே. அவங்க காலத்துலயும் சேலை போய்க்கினுதான இருந்துச்சி?"

"போச்சு. வீட்டுக்குப் போச்சு."

"அவங்களுக்கு ஏதாவது பெருசாப் பண்ணணும்னு எல்லாரும் ஆசப்படுறாங்க. இதுல என்னங்க தப்பு?" அவர் கண் கலங்கியிருந்தது. தேவநேசன் கெட்டவர் இல்லை. போதகரம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "விழா மலருக்கு அவங்களப் பத்தி நீங்கதான் எழுதணும். ரெண்டு பக்கம். இதையும் அதுல எழுதுங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கமிட்டியில வைக்கிறேன்" என்றார். எழுதிவிட்டேன்.

நேற்று சலோமி வந்திருந்தார். அறிவிப்பு கூட்டேரிப்பட்டுவரை போயிருக்கிறது. "எங்களப் பேரு சொல்லிக் கூப்புடப் போறாங்களாமே, மெய்தானாம்மா? அப்பிடின்னா நான் வரல. அந்தம்மா படத்த வச்சிக்கினு அந்தம்மாவுக்குப் புடிக்காததப் பண்ணுவாங்க, நான் நின்னு பாக்கணுமா?" என்றார். இன்னும் நான்கு பேர் அப்படித்தான் சொல்கிறார்களாம். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

போதகரம்மாவின் பிரசங்கங்களில் பெரும்பகுதியை நான் மறந்துவிட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது எதையாவது கொடுக்கத் தோன்றினால், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருகிறேன். என்ன வேண்டும் என்று கேட்கிறேன். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால், அதையும் கேட்டுக்கொண்டு வருகிறேன். எழுபத்திரண்டு வயதுவரை எனக்கு இது தெரியாது. என்னைவிட இருபத்தைந்து வயது சிறியவர், கற்றுக்கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் கற்றுக்கொடுத்தார். அவரிடம் நேரில் நான் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

சபைக் கமிட்டியாருக்கு: வரும் பிரதிஷ்டை விழாவில் விதவைகளைப் பெயர் சொல்லி முன்னால் அழைக்கப்போகிறீர்களா, இல்லையா? விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதாது. சலோமிக்கும் மற்ற நால்வருக்கும் அதை நான் வாசித்துக் காட்ட வேண்டும். செயலரின் கையெழுத்தோடு, தபாலில் என் வீட்டு முகவரிக்கு அனுப்பவும்.