ஏழாம் பாதைக்கு எத்தனை மணி நேரம்

அந்தத் தேசியப் பூங்காவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. மணிக்கூண்டு என்றால்தான் தெரியும். பூங்காவில் மொத்தம் ஏழு மலைப்பாதைகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு மரப்பலகை நிற்கும். தூரம் இவ்வளவு, ஏற்றம் இவ்வளவு, உச்சிக்குப் போய்ச் சேர இவ்வளவு நேரம். அந்த நேரத்தை எழுதுகிறவர் அவர்தான். மழைக்காலம் முடிந்து பாதைகளைத் திறப்பதற்கு முன்னால் ஏழிலும் தானே ஏறிப் பார்ப்பார். விழுந்து கிடக்கும் மரங்களைக் குறித்துக்கொள்வார், பாறைகளில் அழிந்துபோன மஞ்சள் அம்புக்குறிகளை மறுபடி தீட்டுவார், இறங்கி வந்து பலகையில் நேரத்தை எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பட்டப்பெயரைக் கேலியாக வைத்தார்களா மரியாதையாக வைத்தார்களா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. மரியாதை என்றே வைத்துக்கொண்டார், நமக்கென்ன.

ஏழு பாதைகளில் ஏழாவதுதான் ஆளைப் பதம் பார்க்கும் பாதை. ஒன்பது கிலோமீட்டர் தூரம், ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஏற்றம். முதலில் காடு. பிறகு பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய ஒரு பாறை. கடைசியாகச் சரளைக்கல் சரிவு, இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் இழுக்கும். பலகையில் 'நாலு மணி நேரம்' என்று இருக்கும். முப்பத்திரண்டு வயதில் முதல்முறை ஏறியபோது அவர் எழுதிய நேரம் அது. ஐம்பத்து நாலு வயதிலும் அதே நாலு. பாதைக்குத்தான் வயதாகாது, அவருக்குமா ஆகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் ஒரு புது அதிகாரி வந்தார். வந்த கையோடு இரண்டு உத்தரவு போட்டார். மலையேறுகிற ஊழியர்கள் கிளம்பும்போதும் உச்சியைத் தொடும்போதும் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். இது ஒன்று. ஏழாம் பாதையைப் பலகை நேரத்துக்கு மேல் அரை மணிக்குள் ஏறி முடிக்காதவர்களுக்கு இனி மலை வேலை கிடையாது, டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும். இது இரண்டாவது. மலையில் யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பதால் உத்தரவில் நியாயம் இருந்தது. மணிக்கூண்டு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாலு மணி நேரத்தை எழுதினவனுக்கே பரீட்சையா!

காலை ஆறு மணிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு ஏறினார். உச்சியில் நின்று கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். நாலு மணி மூன்று நிமிடம். வழக்கம்போலத்தான். வயர்லெஸ்ஸை எடுத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்றார்.

"குறிச்சுக்கிட்டேன் சார். பதினொன்னு இருபது. மொத்தம் அஞ்சு மணி இருபது நிமிஷம்," என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண்.

"நல்லாப் பாரும்மா. நாலு மணி."

"சார், இப்ப மணி பதினொன்னு இருபது. நீங்களே வாட்ச்சைப் பாருங்களேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபதுதான். கழுத்தில் நாலு மணி, கையில் அஞ்சேகாலுக்கு மேல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எழுபத்தேழு நிமிடம் இடிக்கிறது. அந்த எழுபத்தேழு நிமிடம் எங்கே போனது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் முதலில் ஸ்டாப்வாட்சின் மேல் பழியைப் போட்டார். கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் அதை அரை நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நொடிகூடப் பிசகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து பாதையின் மேல் சந்தேகம் வந்தது. மழையில் மண் சரிந்து பாதை சுற்றிக்கொண்டு போகிறதோ என்னவோ! ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே போய் அளக்கிற கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு சங்கிலிப் பாறை வரை போனார். அது பழைய அளவைவிட நாற்பது மீட்டர் குறைவாகக் காட்டியது. பாதை குட்டையாகிவிட்டது, நேரம் நீண்டுவிட்டது. கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா? சக்கரம் கல்லுக்குக் கல் தாவினால் அப்படித்தான் காட்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், குழப்பம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பூங்கா வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். பதினோரு வருடமாக அந்தக் கவுண்டரில் இருக்கிறாள். ஆனால் ஏழாம் பாதையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார். "நடுவுல எங்கயோ மயங்கி விழுந்துட்டு, எழுந்து நடந்திருப்பேனோ? எனக்கே தெரியாம? ஒரு மணி நேரத்துக்கு மேல காணோம்."

மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா மலைக்குப் போகாதேம்பார்."

"சனிக்கிழமை பலகை எழுதணும்ல. என்ன எழுதப் போறீங்க?"

அங்கேதான் சிக்கல். நாலு என்று எழுதினால் பரீட்சையில் தோற்றுவிடுவார். நாலரைக்குள் ஏற வேண்டும், அவர் ஏறியதோ அஞ்சு இருபது. அஞ்சு என்று எழுதினால் அஞ்சரை வரை இடம் உண்டு, தேறிவிடுவார். ஆனால் பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாளைத் திருத்தின மாதிரி ஆகும். அஞ்சுதான் உண்மையான நேரமாகவே இருந்தாலும், அதை உண்மைக்காக எழுதுகிறோமா வேலைக்காக எழுதுகிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு," என்றாள் மனைவி. "நானும் வர்றேன். எங்க மயங்குறீங்கன்னு பாத்துடலாம்."

"உன்னால முடியாது. அது ஏழாம் பாதை."

"முடியலன்னா உக்காந்துக்கறேன். உங்களைத் தனியா விடறதா இல்ல."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். அவித்த முட்டை, ரொட்டி, நாலு ஆரஞ்சு, மூன்று லிட்டர் தண்ணீர். காட்டுப் பகுதியில் அம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். இவரும் நின்றார். ஐந்தாவதில் மறுபடி நின்றாள். ஏழாவதில் ஷூவில் கல் புகுந்துவிட்டது, உட்கார்ந்து தட்டினாள். பத்தாவதில் தண்ணீர் குடித்தாள். பன்னிரண்டாவதில் மூச்சு வாங்கியபடியே கணவரின் மார்பைப் பார்த்தாள்.

"என்ன அது, நிக்கும்போதெல்லாம் டக்குங்குது?"

"எது?"

"கழுத்துல தொங்குதே, அது. நின்னா ஒரு டக். நடந்தா ஒரு டக்."

அவர் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது ஸ்டாப்வாட்சின் பொத்தான்மேல் இருந்தது. யாருடைய விரலோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்கறோம்ல," என்றார் மெதுவாக. "நிக்குற நேரம் எப்படி நடக்குற நேரமாகும்? அதை நிறுத்தித்தான் வைக்கணும்."

"ஏன், நாம நிக்கும்போது சூரியனும் நிக்குதா?"

அவர் அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது நிம்மதி. மயக்கமும் இல்லை, மறதியும் இல்லை, மூளை கெட்டுப்போகவும் இல்லை. முதல் வருடம் மேலே போய்ச் சேருவதற்குள் ஒரே ஒரு முறைதான் நின்றிருப்பார், தண்ணீர் குடிக்க. அதைக் கழித்தார். பிறகு வருடத்துக்கு ஒன்று கூடியிருக்கும். காட்சி பார்க்க நின்றது, ஷூக் கயிறு கட்ட நின்றது, பறவை கத்துகிறதே என்று நின்றது. ஒவ்வொரு முறையும் விரல் தானாகப் போய் அழுத்தியது, கண் இமைப்பது நமக்குத் தெரிகிறதா என்ன! இருபத்திரண்டு வருடமும் நாலு மணி நேரம் நாலாகவே நின்றது இப்படித்தான்.

நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் சரளைச் சரிவில் இருட்டில் கால் உடைந்து கிடந்த ஒரு வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். காலை பத்து மணிக்கு ஏறியவர். நாலு மணி நேரம் ஏற, மூன்று மணி நேரம் இறங்க என்று பலகையை நம்பிக் கணக்குப் போட்டவர். அவரைத் தூக்குக்கட்டிலில் சுமந்து இறங்கும்போது மணிக்கூண்டு வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நாலு மணி நேரப் பாதையை ஏழு மணி நேரம் ஊர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று. வலியோடு கிடந்த அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார்.

"அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரும்மா," என்றார்.

மனைவி ஆரஞ்சை உரித்துப் பாதியை அவர் கையில் வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அந்த ஆள் விழுந்ததுலேர்ந்து நான் யாருக்கும் நாலுன்னு சொல்றதில்ல. டிக்கெட் குடுக்கும்போதே சொல்லிடுவேன். பலகையைப் பாக்காதீங்க, ஆறு மணி நேரம் வச்சுக்கோங்க, காலைல ஏழு மணிக்கு மேல ஏறாதீங்கன்னு."

"எட்டு வருஷமா?"

"எட்டு வருஷமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"ஒரு தடவை சொன்னேன். ஜனங்க லேட்டா இறங்குறாங்களேன்னு. அன்னிக்கு நீங்க ரெண்டு நாள் என்கூடப் பேசல. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கட்டின மனைவியே தன் பலகையை நம்பவில்லை, ஊர் உலகத்துக்கெல்லாம் அதைப் பொய் என்று சொல்லி டிக்கெட் கிழித்திருக்கிறாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரைச் சுமந்திருக்க வேண்டுமோ! திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? இரண்டையும் செய்யாமல் ஆரஞ்சைத் தின்றார். மிச்சமிருந்த ஆறு வளைவையும் பேசாமலே ஏறினார்கள். சங்கிலிப் பாறையில் அவள் கால் நடுங்கியபோது கீழே நின்று அவள் குதிகாலைப் பிடித்துப் பாறையில் செதுக்கியிருந்த ஒவ்வொரு படியிலும் வைத்தார். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது.

உச்சியைத் தொட்டபோது மணி பன்னிரண்டேகால். ஆறேகால் மணி நேரம். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து ஸ்டாப்வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

சனிக்கிழமை பலகையில் 'ஆறேகால் மணி நேரம், நிற்கும் நேரமும் சேர்த்து' என்று எழுதினார். கடைசி இரண்டு சொற்களும் பலகையின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு அதிகாரியின் அறைக்குப் போனார். அதிகாரி வயர்லெஸ் பதிவை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

"உங்க நேரம் அஞ்சு இருபது. பலகை ஆறேகால். தாராளமா பாஸ். அப்புறம் என்ன?"

"பாஸ் இல்ல சார். ஃபெயில்னு போடுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "புரியல."

"பலகை வர்றவங்களுக்கு சார். நின்னு நின்னு போறவங்களுக்கு. மேல ஒருத்தர் விழுந்து கிடந்தா ஓடறவனுக்கு அந்த நேரம் ஆகாது. அவனுக்கு நாலுதான். அந்த நாலு இப்ப என்கிட்ட இல்ல."

"சட்டப்படி நீங்க பாஸ்தானே?"

"சட்டம் எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு சார். அந்த வாத்தியாரைச் சுமந்தது மட்டும் குழப்பமா இல்ல."

எந்த வாத்தியார் என்று அதிகாரிக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இரண்டு உத்தரவையும் மறுபடி எடுத்துப் படித்தார். ஓடுகிறவர்களுக்குப் பலகை செல்லாது, நாலரை மணி நேரம்தான் என்று தன் உத்தரவைத் தானே திருத்தினார். அப்படித் திருத்தியதும் எதிரே நின்ற ஆள் தேறவில்லை. திங்கட்கிழமை முதல் டிக்கெட் கவுண்டர் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார் மனிதர். மலை போய்விட்டதே என்று அழுதாரா, இத்தனை வருடம் தன்னையே ஏமாற்றிக்கொண்டோமே என்று அழுதாரா, அவருக்கே தெரியாதபோது நமக்கு எப்படித் தெரியும்? மனைவி கதவைத் தட்டவில்லை.

கவுண்டரில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். முதல் வாரம் சில்லறை கொடுக்கத் தடுமாறினார். மலையைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் டிக்கெட் கொடுக்க முடியாது என்று மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஒரு நாள் சாயங்காலம், இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏழாம் பாதையிலிருந்து இறங்கி நேராகக் கவுண்டருக்கு வந்தாள். முழங்காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தனையோ மலை ஏறியிருக்கேன் சார். எந்தப் பலகையிலயும் நேரம் சரியா இருந்ததில்ல. இதுல அஞ்சு நிமிஷம்கூட வித்தியாசம் இல்ல. யாரு சார் நடந்து பாத்து எழுதினது?"

அவர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. இப்போது பக்கத்து நாற்காலியைக் கை காட்டினார்.

"இவங்கதாம்மா. இவங்க நேரம்."

மனைவி தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த டிக்கெட்டைக் கோணலாகக் கிழித்துவிட்டாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஏற டிக்கெட் கேட்டு நின்றவருக்கு வேறொன்றைக் கிழித்துக் கொடுத்தார்.