ஜான்சியின் படம் போட்ட கொத்தான் தைலம்

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஜான்சியிடம் பக்கத்துக் கடை மேகலாதான் வந்து சொன்னாள். "இன்னாக்கா, தி.நகர்ல எண்ணெய்க் கடை வாசல்ல ஆள் உசரத்துக்கு நிக்கிற. சொல்லவேயில்ல?"

ஜான்சி நம்பவில்லை. மறுநாள் வியாபாரத்தை மேகலாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். போய்ப் பார்த்தால் அவளேதான். ஈரக் கூந்தலை அவிழ்த்து உதறுகிற படம். போன வருஷம் கடற்கரையில் கேமராவோடு திரிந்த ஒருவன், "சும்மா ஆசைக்குக்கா" என்று எடுத்தது.

கீழே, 'கொத்தான் தைலம், மீனவப் பெண்களின் கூந்தல் ரகசியம்' என்று போட்டிருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கொத்தான் அவளுக்குப் புதிதில்லை. இலையே இல்லாமல், மஞ்சள் நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி கடலோரப் புதர்களை மூடி, அவற்றின் சாற்றையே உறிஞ்சி வளரும் கொடி. அவள் அம்மாவும் அதை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்திருக்கிறாள். சிரங்குக்கு அரைத்துப் பூசியிருக்கிறாள். அடுத்த வரியைத்தான் ஜான்சியால் பொறுக்க முடியவில்லை: 'எங்கள் கொத்தான் சாறு, மஞ்சள் காமாலைக்குக் கைகண்ட மருந்து.'

அவள் தம்பி லாசருக்குக் காமாலை வந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று இந்தச் சாற்றைத்தான் வீட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். லாசர் வீடு திரும்பவில்லை.

ஜான்சி உள்ளே போய் மேனேஜர் முன்னால் நின்றாள். "யாரக் கேட்டு சார் என் படத்த போட்டீங்க?"

"கம்பெனி அனுப்பினதும்மா. உனக்கும் பேர்தானே? ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போ."

"தலைக்குத் தேய்க்கிறதுன்னா தொலையுதுன்னு வுட்ருவேன். இத்த குடிச்சிக்கினு கெடந்துதான் சார் என் தம்பி செத்தான். அதுக்கு மேல என் மூஞ்சியா?"

மேனேஜர் வாயைத் திறக்குமுன் வாசலுக்குப் போய்ப் படத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். ஓடிவந்த காவலாளி, கிழிந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கடையிலிருந்த ஒரு பெண் கையிலிருந்த பாட்டிலைத் திரும்ப வைத்தாள். இன்னொருத்தி பில் போடச் சொன்னாள்.

பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. எல்லாக் கடையிலும் அவள் படத்தை எடுத்துவிட்டார்களாம்.

"காமாலை வரிய எடுத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

எடுக்கவில்லை. மாதம் திரும்பவில்லை, மயிலாப்பூர்க் கடை ஒன்றில் அதே வரி, மேலே வேறொரு பெண்ணின் முகம். ஜான்சி தலையிலிருந்த மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கடைக்குள் ஏறினாள்.