பொதுவானவை நீக்கப்பட்டன

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவர் முப்பத்தோரு வருஷம் இருந்தார். அங்கே வாங்கிய எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை. பழக்கம் மட்டும் வந்துவிட்டது.

எதை வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது தொழிற்சாலையின் விதி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் போட்டு, ஒப்பீட்டுப் பட்டியலாக்கி மேலே அனுப்ப வேண்டும். அந்த விதிக்குள் இன்னொரு சின்ன விதி இருந்தது. மூன்றிலும் ஒன்றாக இருப்பதைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. மேலதிகாரிக்கு நேரமில்லை, வித்தியாசத்தை மட்டும் காட்டினால் போதும். பட்டியலின் அடியில் சிவப்பு மையில் ‘பொதுவானவை நீக்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் போட்ட பட்டியல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிரிவில் அவருக்குக் கொட்டேஷன் என்றே பெயர். ஓய்வுபெற்ற அன்று கைக்கடிகாரம் கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டவர்கூட மைக்கில் ‘கொட்டேஷன் சார்’ என்றுதான் கூப்பிட்டார். அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இதே விலைக்கு இதைவிட நல்லது உண்டு என்பது அவருக்குத் தெரியும். கையில் கட்டிக்கொண்டார்.

வீட்டிலும் அதே கதைதான். ஒரு வருஷம் குடை வாங்கக் கிளம்பினார். கம்பி, துணி, பிடி என்று பார்த்துப் பார்த்துக் குடை வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. மனைவி அதை விரித்து வெயிலில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

“என்னைப் பார்க்க வந்தப்போ கையில இன்னும் ரெண்டு கொட்டேஷன் வச்சிருந்தீங்களா?” என்று அவள் கேட்பதுண்டு.

“ஒண்ணுதான்,” என்பார் அவர், சிரிக்காமல்.

அந்த ஒன்று யார் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 

வீட்டின் முன்னறை அவளுடையது. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். துணியின் ஓரம் பிரியாமல் கட்டித் தைக்கிற மெஷின் அது. தலையில் மூன்று நூல்கண்டைச் சுமந்துகொண்டு நிற்கும். தையல் மெஷினைக் காலால் மிதித்தாவது ஓட்டிவிடலாம். கரண்ட் இல்லாவிட்டால் ஓவர்லாக் வெறும் இரும்பு. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சை அங்கிகள் தைத்துக் கொடுத்தாள். மாதம் நூற்றைம்பது அங்கி. துணைக்கு நாலு வீடு தள்ளியிருந்தவள் வருவாள். ஓவர்லாக்கில் அவள் கைதான். ஓரம் வளையாது, நூல் தொங்காது.

அந்த வருஷம் வெயில் ஏறியதும் தினமும் பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஒரு மணிக்கு வரும். சில நாள் இரண்டாகும். இரண்டு பெண்களும் பச்சைத் துணிக் குவியலுக்கு நடுவில் கதவைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு மதியம்தான் அவள் கேட்டாள்.

“மாடியில வெயில் சும்மா காயுது. கீழ நாங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தச் சோலார் பேனல் வச்சா என்னங்க? கரண்ட் போனாலும் மெஷின் ஓடும்ல?”

“ஓடாம?” என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆனால் அதற்கப்புறம் அவர் அந்தச் செய்தித்தாளைப் படிக்கவில்லை. வேலை விட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒப்பிட எதுவும் இல்லாமல் காலை நேரங்கள் நீண்டுகிடந்தன. மறுநாள் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு கிளம்பியவரை வாசலில் நின்று பார்த்த நாலாம் வீட்டுக்காரி, “அக்கா, சார் ஆபீஸுக்குப் போற மாதிரியே போறாரு,” என்றாள்.

“போகட்டும்மா. முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு,” என்றாள் மனைவி. அது உண்மை.

பேனல் என்றால் முக்கால்வாசி கண்ணாடிதான் என்று தெரிந்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கண்ணாடி அவர் பார்த்துப் பழகிய சரக்கு. கடைக்குள் போனால் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனலின் விளிம்புக்கு அடியில் வைப்பார். விளிம்பு பச்சையாகத் தெரிந்தால் கண்ணாடியில் இரும்பு அதிகம், வெளிச்சத்தைத் தின்றுவிடும். விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்று கொட்டேஷன் ஐந்தாயிற்று, ஒன்பதாயிற்று. வெயில் ஏற ஏற பேனல் சோர்ந்துபோகும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எது எவ்வளவு சோரும் என்று தெரிந்தாக வேண்டுமே. முன்பணம் கட்டி இரண்டு சின்னப் பேனல்களை வாங்கி வந்து மொட்டைமாடியில் அருகருகே சாய்த்து, தெர்மாமீட்டரும் கரண்ட் அளக்கிற மீட்டரும் வைத்து, அந்தப் பழைய குடையைப் பிடித்துக்கொண்டு மணிக்கொரு தரம் குறித்தார்.

“வெயில்ல நின்னு நீங்க சோர்ந்துடாதீங்க,” என்று கீழேயிருந்து குரல் வரும்.

அவளுடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. கடையில ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் தூக்கிட்டு வந்து இன்னைக்கே மாட்டிடலாம். ரெண்டு மணி நேரம் அக்கா மெஷின் ஓடும். அப்புறமா இந்த ஆராய்ச்சியை நீங்க ஆயுசு பூரா பண்ணுங்க.”

“பேட்டரி அஞ்சு வருஷத்துல செத்துடும் மாப்ள. பேனல் இருபத்தஞ்சு வருஷம். இருபத்தஞ்சோட அஞ்சை ஏன் கட்டணும்?”

“அக்காவுக்கு வேண்டியது இந்த மாசம் மாமா.”

“அவசரத்துல வாங்கினது எதுவும் உருப்பட்டதில்ல.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அங்கிக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தாள். “விடுடா. பார்த்துத்தான் பண்ணுவாரு,” என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஒன்பது கடைகளுக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் எழுதினார்: பேட்டரி இல்லாமல் விலை தரவும்.

இப்படியே அந்த வெயில் போயிற்று, மழை வந்தது, மழையில் பேனலில் எது அழுக்கைச் சீக்கிரம் விடுகிறது என்று ஒரு கட்டம் கூடியது. மனைவி காலை ஐந்து மணிக்கே மெஷினில் உட்காரத் தொடங்கியிருந்தாள். பதினோரு மணிக்குள் ஓரம் கட்டுகிற வேலை முடிய வேண்டும். நாலாம் வீட்டுக்காரியும் தூக்கக் கண்ணோடு வந்தாள். அவர் எழுந்து வரும்போது இருவரும் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள். ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்பார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

அடுத்த வெயில் தொடங்கும் முன் பட்டியல் முடிந்தது. ஒன்பது பேனல், இருபத்திரண்டு கட்டம். அடியில் சிவப்பு மையில் வழக்கமான வரி. ஆறாம் எண் பேனல் எல்லாவற்றிலும் முதலாவதாக வரவில்லை. ஆனால் எதிலும் மூன்றாவதுக்குக் கீழே போகவில்லை. அந்தப் பட்டியலை ஒருமுறை பழைய பிரிவுக்கு எடுத்துப்போய்க் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

அதே வாரம் ஆஸ்பத்திரியில் சரக்கு வாங்கும் அம்மா போன் செய்தாள். மாதம் முந்நூறு அங்கி தர முடியுமா, முடியாதென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“நிச்சயமாச் சொல்லலாமாங்க?”

“சொல்லு.”

அவள் சொன்னாள்.

பேனல்கள் ஒரு திங்கட்கிழமை ஏறின. மாடியில் நீலமும் கறுப்புமாக ஆறாம் எண் பேனல் பத்து. கம்பெனியிலிருந்து வந்த பேனல்காரர் முன்னறைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, விசையைப் போட்டு, பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலை மனைவி ஐந்து மணிக்கு எழவில்லை. ஏழரைக்கு எழுந்து, நிதானமாகக் குளித்து, ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்தாள். நாலாம் வீட்டுக்காரி பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தாள். பதினோரு மணி ஆவதற்காக அவர் நாற்காலியை முன்னறையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. ஓவர்லாக் பாதித் துணியைக் கடித்தபடி நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் மாடிக்கு ஓடினார். வெயிலில் கண் கூசியது. பேனல்கள் பளபளவென்று இருந்தன, ஒரு குறையும் இல்லை. அங்கேயே நின்று பேனல்காரருக்குப் போன் போட்டார்.

“லைன்ல கரண்ட் போனா இதுவும் தானா நின்னுடும் சார். இல்லன்னா உங்க கரண்ட் லைனுக்குள்ள போயிடும். போஸ்ட் மரத்துல வேலை செய்யற ஆளு என்ன ஆகறது? பேட்டரி இருந்தா வேற கதை. நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க.”

“இதை நீங்க சொல்லவே இல்லையே?”

“கொட்டேஷன்லயே இருக்கு சார், பதினாலாவது நிபந்தனை. எங்ககிட்ட மட்டுமில்ல. நீங்க எந்தக் கம்பெனியில போயிருந்தாலும் இதேதான்.”

கீழே வந்து ஃபைலைப் பிரித்தார். பதினாலாவது நிபந்தனை இருந்தது. லைனில் மின்சாரம் இல்லாத நேரத்தில் இயங்காது. பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். அவர் போட்டதுதான். அடுத்த கொட்டேஷனை எடுத்தார். அதில் அது ஒன்பதாவது நிபந்தனை. அங்கேயும் டிக். ஒன்பதிலும் இருந்தது. ஒன்பதிலும் படித்திருந்தார். ஒன்பதிலும் ஒன்றாக இருந்ததால் பட்டியலில் ஏற்றவில்லை.

மனைவி ஓவர்லாக் முன்னால் உட்கார்ந்து அது கடித்த துணியைக் கத்திரியால் விடுவித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வீட்டுக்காரி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போயிருந்தாள்.

“ஒரு வாரம். பேட்டரி வச்சுடறேன். பெட்டியை மட்டும் மாத்தணும்,” என்றார்.

“சரிங்க.”

பேட்டரியில் மூன்று வகை இருந்தது. ஒன்றுக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒன்றுக்கு வேண்டாம், ஒன்று விலை அதிகம் ஆனால் பத்து வருஷம் வரும் என்றார்கள். அவர் யாரையும் ஒப்பிடக் கேட்கவில்லை, கடைக்காரர்களே சொன்னார்கள். கேட்ட பிறகு கேட்காதது மாதிரி இருக்க அவருக்குத் தெரியவில்லை. மூன்று இடத்தில் விலை வாங்கினார். மூன்றாவது கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். பதினெட்டாம் நாள் அவர் ஒரு பேட்டரியைத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் இடம் கூடுதலாகத் தெரிந்தது. தரையில் நாலு சதுரத் தடம், சுற்றிலும் பச்சை நூல்பிசிறு.

“ஓவர்லாக்கை அவ எடுத்துக்கிட்டா,” என்றாள் மனைவி. “அவ வீட்டுக்காரர் போன வாரமே ஒரு பேட்டரி வாங்கி மாட்டிட்டாராம். ஒரு மதியத்துல. ஆஸ்பத்திரி அம்மாகிட்ட நானே பேசிட்டேன். ஆர்டர் இனி அவ பேர்ல. நானும் அங்க போய் அவ தையல் மெஷின்லதான் தைக்கப்போறேன்.” கொஞ்சம் சிரித்தாள். “இத்தனை நாள் நான் அவளுக்குச் சம்பளம் குடுத்தேன். இனி அவ எனக்குக் குடுப்பா.”

“பேட்டரி முடிவு பண்ணிட்டேன். நாளைக்கே…”

“வேணாங்க. அங்க மாட்டியாச்சு. மறுபடி பிடுங்கிட்டு வரச் சொல்றதா?”

அவர் அந்த நாலு தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தப்பு என் மேலதான்,” என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“தப்புன்னு யாரு சொன்னா? எல்லாத்தையும் சரியாத்தான் பார்த்தீங்க.” அவள் கத்திரியையும் இஞ்சு டேப்பையும் பைக்குள் வைத்தாள். “நான் கேட்டதை மட்டும்தான் பார்க்கல.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

அதற்கப்புறம் தினமும் ஒன்பது மணிக்கு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனாள். போகும்போது அவருக்கு ஃபிளாஸ்கில் டீ ஊற்றி வைத்தாள். கரண்ட் பில் அநேகமாக வருவதில்லை. பில் எடுக்க வருகிறவரே ஆச்சரியப்பட்டுத் தெருவில் சொல்லிவிட்டார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் காலை தேடிக்கொண்டு வந்தார்.

“சார், வீட்டுக்கு சோலார் போடலாம்னு இருக்கேன். எல்லாரும் உங்களைத்தான் கை காட்டறாங்க. எது சார் நல்லது?”

அவர் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் நாலு பக்கத்தையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“அடேயப்பா. பி.எச்.டி. பண்ணியிருக்கீங்க. இதுல எதைச் சார் போடறது?”

“எதுக்குப் போடறீங்க?”

“எதுக்குன்னா? பில் குறையத்தான்.”

“வீட்ல கேட்டீங்களா?”

“அவங்க என்ன சார் சொல்லப்போறாங்க.”

“கேட்டுட்டு வாங்க,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பில்லுக்குத்தான்னா எதையும் போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்,” என்றார்.

மருந்துக்கடைக்காரர் அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அப்போது மணி பதினொன்று. மின்விசிறி மெல்ல நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு வந்தது. தெருவே அடங்கிய அந்த நேரத்தில் எங்கோ மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கரண்ட் போயும் எங்கயோ ஓடுதே சார்?”

அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். ஓவர்லாக் நிற்கும், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தையல் மெஷின் ஓடும், மறுபடி ஓவர்லாக். அந்த இடைவெளியில் துணி கை மாறுகிறது.

“என் சம்சாரம்,” என்றார்.

மருந்துக்கடைக்காரர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் நாற்காலியை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி வரைக்கும் கேட்கும்.