கோமதியம்மாள் குடை பிடித்த செடி

போன ஞாயிறு, தொழிற்சாலைக்குப் பக்கத்து லோத்குண்டாவிலிருந்து கோமதியம்மாளின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. ஸ்லீப்லயே," என்றான். அங்கேயே வளர்ந்த அவனுக்கு மேற்கொண்டு பேசத் தமிழ் வரவில்லை. தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களில் நாம் சிலர்தான் மிச்சம். அவரைப் பற்றி உங்களுக்கு எழுத நான் சரியான ஆள்தானா என்று தெரியவில்லை. நினைவில் இருப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அவருடைய ஜன்னலோரச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரக்குக் கப்பலில் வேலை செய்த அவர் தம்பி, பசிபிக் தீவு ஒன்றிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த தண்டு. அடுத்த பயணத்திலிருந்து தம்பி திரும்பவில்லை. சதைப்பற்றான சின்ன இலைகள். எலிவால் போன்ற பூங்கதிர். "மிளகுக்குச் சொந்தமாம் அண்ணாச்சி. காட்டுல பெரிய மரத்துக்கு அடியில, பாசியோட பாசியா கெடக்குமாம். வெயிலையே பாத்திருக்காது," என்பார். தடித்த இலையைக் கண்டு கள்ளி என்று நினைத்து வெயிலுக்கு நகர்த்தியவர்கள் நம்மிலேயே உண்டு.

மந்திரி வந்தால் நம் வழக்கம் தெரியும். எல்லாப் பிரிவுகளின் தொட்டிகளையும் அள்ளி, காவி பூசி, வாசல் சாலையில் அடுக்குவார்கள். ஒரு மே மாதம் அந்தச் செடியும் போனது.

"கைக்கு மேடம் பயப்படுறீங்க? கள்ளி சாதி, வெயில் என்ன பண்ணும்? ஒரு தொட்டி கம்மியானாலும் என்னைத்தான் கேப்பாங்க," என்றார் பக்கத்து அல்வாலில் பிறந்து வளர்ந்த தோட்டப் பொறுப்பாளர். 'ஏன்' என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு'தான்.

"அப்ப வரிசையில நானும் ஒரு தொட்டியா நிக்கேன். எனக்கும் காவி பூசிருங்க," என்று கோமதியம்மாள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

குடை செடிக்கு மேல், அவர் வெயிலில். மந்திரியின் கார் வந்தபாடில்லை. தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம், "கை கடுக்கு அண்ணாச்சி, கொஞ்சம் பிடிங்க," என்றார். பதவி உயர்வுக்கு நான் காத்திருந்த நேரம் அது. வாங்கிக்கொண்டேன். மேலாளர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடை ஆடுது அண்ணாச்சி. செடிக்கு வெயில் படுது."

மந்திரி பின்வாசல் வழியாக வந்து போய்விட்டது பிறகுதான் தெரிந்தது. இரண்டு இலைகளின் ஓரம் மட்டும் கருகியிருந்தது. செடி பிழைத்தது.

குடை என் கையில் இருந்தபோது அவர் தொட்டியருகே குனிந்து, "இன்னும் கொஞ்ச நேரந்தான்," என்றார். செடியிடம் சொன்னாரா, என்னிடமா என்று நான் கேட்கவில்லை. இப்போது மருத்துவமனை வரிசையில் கால் கடுக்க நிற்கும்போது அதை அவர் குரலிலேயே எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான்.