அப்பா தண்ணீர் ஊற்றவிடாத ஜாடி

“அம்மா, செத்துப்போனவங்களுக்குத் தாகம் எடுக்குமா?”

ஏழு வயது ஜுனெல் இப்படிக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது கதையல்ல. என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

அப்பா இறந்தபின், ஜூன் மாதம், நானும் மகளும் மிசிசிப்பியில் இருக்கும் எங்கள் பரம்பரை வீட்டுக்குக் குடிவந்தோம். கூடத்தில் கணப்புக்கு மேலே, பலகையில், கைப்பிடி வைத்த வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வீட்டைச் சூறையாடிவிட்டார்கள், மிஞ்சியது இது ஒன்றுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையாகக் காட்டுவார். என்னிடம் மட்டும், “அதுல தண்ணி ஊத்தாதே கொரின்” என்பார். ஏன் என்று சொன்னதில்லை.

நான் ஊற்றினேன். மக்னோலியாப் பூ வைக்க.

அன்று பிற்பகல் 3.10. டொக்... பீங்கானில் நகத்தால் தட்டியதுபோல. போய்ப் பார்த்தேன். பூ கருகியிருந்தது. ஜாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பலகையில் ஈரமும் இல்லை.

மறுநாளும் ஊற்றினேன். 3.10. டொக்...

அதிலிருந்து ஜுனெல் தண்ணீர் கேட்கத் தொடங்கினாள். ஒரு நாளைக்குப் பதினான்கு தம்ளர். பிறகு இருபது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. சர்க்கரை வியாதி இல்லை என்றார் மருத்துவர். பிள்ளை மட்டும் உருகிக்கொண்டே போனாள்.

“இவ்வளவு குடிச்சும் தீரலையா கண்ணு?”

“நான் குடிக்கலம்மா. அவ குடிக்கிறா.”

வெள்ளிக்கிழமை 2.50. மருத்துவமனைச் செவிலி வெர்லீன் கோழி வறுவலோடு வந்தாள். “ஊசிக்குப் பயப்படாத வியாதி என் சமையலுக்காவது பயப்படுதான்னு பாப்போம்” என்றாள். ஜுனெலுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

3.10.

டொக்...

வெர்லீன் எழுந்து போய் ஜாடியை எடுத்தாள். கவிழ்த்தாள். அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓட்டை.

“இது எங்கேருந்து வந்துச்சு கொரின்?”

“எங்க பரம்பரைச் சொத்து.”

“ஓகோ, சொத்தா?” அவள் குரல் மாறியது. “உங்க கல்லறை வேலிக்கு வெளியே கெடக்கிறாங்களே, உங்க அடிமைங்க... அவங்க எங்க ஆளுங்க. செத்தவங்க பாத்திரத்தை அடியை உடைச்சுத்தான் குழி மேல வைப்போம். சாவு வீட்டுல இன்னொருத்தரைத் தொடக் கூடாதுன்னு. அதைத் திருடிட்டு வந்து, அடைச்சும் வச்சிருக்காங்க.”

ஜுனெலின் கண்கள் மேலே செருகின.

“நான் பிள்ளையைப் பாத்துக்கறேன். நீ ஓடு. அங்க ஒரே ஒரு மேடுதான் சின்னது, குழந்தைக் குழி. அடைப்பை உடைச்சு அது மேல வை.”

ஜாடியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலியைத் தாண்டினேன். முழங்காலில் விழுந்தேன். சுத்தியலால் ஈயத்தைத் தட்டினேன். பெயர்ந்தது. மேட்டின்மேல் வைத்தேன்.

காற்றே இல்லை... என் கழுத்தில் மட்டும் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு ஜுனெல் அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். விடியும்வரை தூங்கினாள்.

ஒரு வாரம் கழித்து எங்கள் குடும்ப வேதாகமத்தைத் திறந்தேன். கடைசித் தாளில், எங்கள் பாட்டன் பூட்டன்களில் ஒருவரின் கையெழுத்து. கன்றுகள் பிறந்த நாட்களுக்கு நடுவே ஒரு வரி:

‘ஜூலை 19. டைசி. வயது ஏழு. தண்டனை, இறைச்சி வாட்டும் புகைக்கொட்டகை, மூன்று நாள், தண்ணீர் இல்லை. கதவு திறந்தது 3.10.’

அப்பா இதைப் படித்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் அவருடைய புத்தகக்குறி இருந்தது.

வெர்லீனிடம் காட்டினேன். நெடுநேரம் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். “பேரு தெரியாமலே இத்தனை வருஷம் ஜெபம் பண்ணினோம்” என்றாள்.

செவ்வாய்தோறும் ஜுனெலைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு தனியாக அங்கே போகிறேன். அந்த ஜாடியில் மெதுவாக ஊற்றுகிறேன். தண்ணீர் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. கீழிருந்து, அவசரமாக விழுங்கும் சத்தம் கேட்கிறது...

அது ஓயும்வரை ஊற்றுகிறேன்.